புக்மார்க்கைக் குறிப்பேட்டுக்குள் தானாகக் கொண்டுவருவது: யாருக்கு எந்த வழி?

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். அக்காவைக் கட்டியவர், ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர். “லே மக்கா, புழு சாவுற நோயப் பத்தி ஒரு லிங்க் சேத்து வச்சிருந்தேம்லா, இப்பம் தொறக்கவே மாட்டேங்கு” என்றார். அவர் தேடியது தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பற்றிய பக்கம். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களைக் காலி செய்துவிட்டுப் போன அதே நோய். லிங்க் பத்திரமாக இருக்கிறது, பக்கம்தான் இல்லை.

அதே வாரம் தக்கலையில் ஒரு டீச்சர் பிடித்துக்கொண்டார். அவர் போனில் குரோமில் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் புக்மார்க். பாடத்துக்கு, பிள்ளைகளின் போட்டித் தேர்வுக்கு, சமையலுக்கு, எல்லாம் ஒரே குவியல். “அண்ணே, இதெல்லாம் அப்சிடியனுக்குள்ள தானா வந்து விழுற மாதிரி செய்ய முடியுமா?” அப்சிடியன் என்பது குறிப்புகளை உரை ஃபைல்களாகச் சேர்த்து வைக்கும் செயலி.

இரண்டு பேரும் ஒன்றையே கேட்பது போல இருக்கும், ஆனால் அத்தானுக்கு வேண்டியது பக்கத்தின் உரை, டீச்சருக்கு வேண்டியது சல்லடை. நான் உள்ளூர் வரலாற்றுக் கிறுக்கு பிடித்து ஐந்தாறு வருஷமாக லிங்க் சேர்க்கிறவன். குளச்சல் போரிலிருந்து பேச்சிப்பாறை அணை வரை என் குறிப்பேட்டில் கிடக்கிறது. கீழே இருக்கும் வழிகளில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் நானே செய்து பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தானாக இறக்குவது கஷ்டமே இல்லை. எல்லாவற்றையும் இறக்குவதுதான் தப்பு. எந்த வழியை எடுத்தாலும் ‘குறிப்புக்கு’ என்று ஒரே ஒரு ஃபோல்டர் வைத்து அதற்கு மட்டும் கதவைத் திறந்து விடுங்கள், மிச்சம் பிரவுசரிலேயே கிடக்கட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, லிங்க் மட்டும் வருகிறதா, பக்கத்தின் உரையும் சேர்ந்து வருகிறதா. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்தன. லிங்க்கை மட்டும் சேர்ப்பவர் கடைக்குப் போகாமல் கடையின் விலாசத்தை எழுதி வைத்துக்கொள்கிறார். கடை இடம் மாறினால் கதை முடிந்தது.

இரண்டாவது, போன். நம்மில் பெரும்பாலோர் படிப்பது பஸ்ஸில், வடசேரியில் இறங்குவதற்கு முன். லேப்டாப்பில் மட்டும் ஓடும் ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதத்தில் தூசி படியும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: இரண்டாம் முறை இறக்கும்போது என்ன நடக்கும்? முதல் முறை எல்லா வழியும் ஓடும். மறுநாள் அதே லிங்க் இன்னொரு பிரதியாக வருகிறதா, நீங்கள் கீழே எழுதி வைத்த குறிப்பின் மேல் ஏறி உட்காருகிறதா, பிரவுசரில் அழித்தது இங்கேயும் அழிகிறதா, இதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நான்காவது, தமிழ். இது தனிக் கதை, ஸ்கிரிப்ட் பகுதியில் வருகிறது.

ஐந்தாவது, வெளியேறும் வாசல். நடுவில் ஒரு சேவை இருந்தால் அது ஒருநாள் மூடும். 2007இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்று தொடங்கி, பாக்கெட் என்று பேர் மாறி, 2017இல் மொசில்லா கைக்குப் போன, பிறகு படிக்க லிங்க் சேர்த்து வைக்கும் சேவை 2025 ஜூலை 8 அன்று நின்றுவிட்டது. ஏற்றுமதி செய்தவர்களுக்குக் கிடைத்த பட்டியலில் தலைப்பு, லிங்க், தேதி, குறிச்சொல் இருந்தன, கட்டுரையின் உரை இல்லை. அதற்கு முன் 2024 நவம்பரில் அதே மாதிரியான ஆம்னிவோர் மூடியது. இவை ரெண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான்.

பணம் ஆறாவது. ஆனால் பணத்தைவிட ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்குப் பண்ணுங்கள்.

## வழி 1: மாதம் ஒருமுறை கையால் ஏற்றுமதி

எல்லா பிரவுசரும் புக்மார்க்குகளை ஒரே எச்டிஎம்எல் ஃபைலாகக் கொடுக்கும். அந்த ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் இன்னும் நெட்ஸ்கேப் பேர் இருக்கும். அந்த பிரவுசர் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அது வைத்த வடிவம் மட்டும் சாகவில்லை. வெளியேறும் வாசல் என்று பார்த்தால் இதைவிட அகலமானது கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் மேம்பட்ட அமைப்புகளில் ஒரு மதிப்பை மாற்றினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் அதுவே இந்த ஃபைலை எழுதி வைக்கும். குரோமில் அந்த வசதி இல்லை, கையால்தான்.

உரை வராது. போனில் சேர்த்தது கூகுள் கணக்கு வழியாக லேப்டாப்புக்கு வந்து சேர்ந்திருந்தால்தான் இதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் மொத்தமும் வரும், புதியதை மட்டும் பிரித்துத் தராது. அதனால் இரண்டாம் மாதமே பிரதிகள் தொடங்கும்.

இது யாருக்குச் சரி? டீச்சர் மாதிரி பழைய குவியலை ஒருதடவை பார்த்துக் கழித்துக்கட்ட நினைப்பவருக்கு. தினசரி ஏற்பாடாக வேண்டாம்.

## வழி 2: பிரவுசரின் ஃபைலை நேரடியாகப் படிக்கும் ஸ்கிரிப்ட்

குரோம் தன் புக்மார்க்குகளை உங்கள் லேப்டாப்பில் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறது. ஜேசன் வடிவம், நோட்பேடில்கூடத் திறக்கும். மூன்று கிளைகள்: மேலே தெரியும் பட்டையில் உள்ளவை, மற்றவை, போனிலிருந்து சின்க் ஆனவை. பைத்தான் மொழியில் ஐம்பது வரி நிரல் போதும். ‘குறிப்புக்கு’ ஃபோல்டரைத் தேடு, ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு மார்க்டவுன் ஃபைல் (சாதாரண உரை ஃபைல்தான்) எழுது, முடிந்தது. அப்சிடியனின் வால்ட் என்பது வெறும் ஃபோல்டர்தான், அதற்குள் ஃபைல் விழுந்தால் குறிப்பு வந்தாச்சு. இரவு பத்து மணிக்கு ஓடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் பிறகு கையே வைக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் தரவுத்தள ஃபைல். பிரவுசர் திறந்திருக்கும்போது பூட்டியிருக்கும், ஒரு நகல் எடுத்து அதைப் படிக்க வேண்டும்.

காசு இல்லை, நடுவில் யாரும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், அதிகம் அடி வாங்கியதும் இதில்தான்.

முதல் அடி தேதியில். குரோம் தேதியை 1601 ஜனவரி 1இலிருந்து மைக்ரோ நொடியில் எண்ணுகிறது, மற்ற பெரும்பாலான இடங்களில் கணக்கு 1970இலிருந்து. நான் நொடியாக மாற்றினேன், 1601ஐ மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் குறிப்புகளெல்லாம் 2394ஆம் ஆண்டில் சேர்த்தவையாக இருந்தன. பத்து லட்சத்தால் வகுத்து 11,644,473,600ஐக் கழித்தால் சரியாகும்.

இரண்டாவது அடி தமிழில். தலைப்பையே ஃபைலின் பெயராக வைத்தேன். யுனிகோடின் வழக்கமான சேமிப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘கன்னியாகுமரி’ என்று எழுத எழுத்தும் கால், கொம்பு, புள்ளியுமாகப் பன்னிரண்டு குறியீடு, ஆக 36 பைட். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். அதாவது 85 குறியீடு. தமிழ்ச் செய்தித் தலைப்பு ஒன்று, பின்னால் அந்தத் தளத்தின் பெயர், அவ்வளவுதான், மூட்டை நிறைந்துவிடும். விண்டோஸ் வேறு கணக்கு வைத்திருப்பதால் அங்கே எழுதிவிடும், சின்க் ஆகிப் போனுக்குப் போகும்போதுதான் சிக்கும். ஆங்கிலத் தலைப்புக்காரர்களுக்கு இது வரவே வராது, அதனால் இணையத்தில் கிடைக்கும் தயார் ஸ்கிரிப்டுகளில் இதற்கு மருந்து இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபைல் பெயருக்குத் தேதியும் ஒரு சின்ன எண்ணும் போதும், முழுத் தலைப்பைக் குறிப்பின் உள்ளே வையுங்கள்.

இதோடு தொட்ட இன்னொன்று: ‘தோவாளை’யின் ‘தோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக ஒரு விதம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். கண்ணுக்கு ஒன்றுதான், ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு வார்த்தை. ‘இந்தத் தலைப்பு ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தலைப்பை வைத்துப் பார்த்தால் இங்கே ஏமாறும். லிங்க்கை வைத்துப் பாருங்கள், அதிலும் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிவரும் விளம்பரக் கண்காணிப்பு வால்களை வெட்டிவிட்டு. ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள், பல பழைய தளங்களில் பக்கத்தின் எண்ணே அங்கேதான் இருக்கும்.

லிங்க்கும் நீளும், சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘கன்னியாகுமரி’ பக்கத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்த ஒரு சொல்லே சதவீதக் குறியும் எண்ணுமாக 108 எழுத்து. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் மறுபடி தமிழாகிவிடும்.

மூன்றாவது அடிதான் வலித்தது. மாத்தூர் தொட்டிப் பாலம் பற்றி ஒரு லிங்க், அதன் கீழே நான் நேரில் போய்ப் பார்த்து வந்ததை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் இரவில் ஓடி, ஃபைலைப் புதிதாக எழுதி, என் இரண்டு பக்கத்தைத் துடைத்துவிட்டது. பழி போட யாரும் இல்லை, எழுதியவன் நான்தான். அதற்கப்புறம் ஒரே விதி: ஃபைல் இருந்தால் தொடாதே. பிரவுசரில் தலைப்பு மாறினாலும், லிங்க்கை அழித்தாலும், குறிப்பு இருந்தபடியே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உரை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தைப் போய் எடுத்து வா என்று ஸ்கிரிப்டில் சேர்க்கலாம், ஆனால் அப்போது அது ஐம்பது வரியாக இருக்காது, சில தளங்கள் ஸ்கிரிப்டைக் கண்டாலே கதவைச் சாத்தும். நான் செய்தது சுலபமானது: லிங்க்கோடு சேர்த்து, பழைய இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் முகவரியையும் எழுதி வைக்கிறேன். பக்கம் செத்தால் அங்கே ஒரு நகல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பைத்தானில் கொஞ்சம் கைப்பழக்கம் இருந்து, லேப்டாப் தினமும் திறப்பவருக்கு இது நல்லது. மற்றவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

## வழி 3: நடுவில் ஒரு புக்மார்க் சேவை

ரெயின்டிராப் போன்றவை. போனில் ஷேர் அழுத்தி அதற்குள் போட்டால் போதும், எந்த பிரவுசர் என்ற கவலை இல்லை. இலவசத் திட்டத்திலேயே எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பக்கத்தின் நிரந்தர நகலும் முழு உரைத் தேடலும் வேண்டுமானால் சந்தா. அங்கிருந்து அப்சிடியனுக்குக் கொண்டுவர பிளகின்கள் (அப்சிடியனில் சேர்க்கும் துணை நிரல்கள்) இருக்கின்றன, புதியதை மட்டும் இழுக்கும், ஒரு தொகுப்பை மட்டும் இழு என்றும் சொல்லலாம். பஸ்ஸில் படிக்கிறவருக்கு இதைவிட வசதி இல்லை.

மறைவான செலவு மூன்று. அந்த பிளகின்களைச் செய்தது அந்த நிறுவனமல்ல, யாரோ ஆர்வலர்கள். அவருக்கு வேலை மாறினால், கல்யாணமானால், பிளகின் அப்படியே நிற்கும். இரண்டாவது, உங்கள் கணக்கின் ரகசியச் சாவியை பிளகின் பொதுவாக வால்ட்டுக்குள்ளேயே சாதாரண உரையாக வைக்கும். வால்ட்டை யாருக்காவது ஜிப் செய்து கொடுத்தால் சாவியும் போகும். மூன்றாவது, சந்தா கட்டி வாங்கிய நிரந்தர நகல் அவர்களிடம்தான் இருக்கும், உங்கள் குறிப்புக்குள் வருவது லிங்க்கும் நீங்கள் கோடு போட்ட வரிகளும்தான். சந்தாவை நிறுத்தும் நாளில் என்ன மிஞ்சும் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ரீட்வைஸ் இன்னொரு ரகம், படிக்கும் செயலியும் சேர்ந்தது, அப்சிடியனுக்கு அவர்களே அதிகாரபூர்வ பிளகின் வைத்திருக்கிறார்கள். டாலரில் மாதச் சந்தா. படித்துக் கோடு போடுவதே தொழிலாக இருக்கும் ஆய்வு மாணவருக்குப் பொருந்தலாம், எனக்கு மனசு வரவில்லை.

## வழி 4: கிளிப்பர்

அப்சிடியன் தானே இலவசமாகத் தரும் வெப் கிளிப்பர். பிரவுசரில் சேர்க்கும் நீட்சி, ஒரு பொத்தான். அழுத்தினால் விளம்பரம், ஓரப் பட்டை எல்லாம் உதிர்ந்து, கட்டுரை மட்டும் மார்க்டவுனாக உங்கள் ஃபோல்டருக்குள் விழும். முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் இதற்குத்தான். ஜாப்ளின் என்ற இன்னொரு குறிப்புச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு.

“இது தானியங்கி இல்லையே, நான்தானே அழுத்துகிறேன்” என்றார் டீச்சர். உண்மைதான். ஆனால் புக்மார்க் நட்சத்திரத்தையும் நீங்கள்தான் அழுத்துகிறீர்கள். ஒரு அழுத்தலுக்குப் பதில் இன்னொரு அழுத்தல். வித்தியாசம், இதில் அந்த நேரத்திலேயே ‘எதற்காக’ என்று ஒரு வரி எழுத இடம் கொடுக்கலாம். அந்த ஒரு வரி இல்லாத லிங்க் ஆறு மாதம் கழித்து யாருடையதோ போலத் தெரியும்.

குறைகள்: ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்காது, போனில் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற வேண்டும். படங்கள் லிங்க்காகவே நிற்கும், தனியாக இறக்க வேண்டும். பிடிஎஃப்புக்கு இது உதவாது, நம் பழைய தமிழ் நூல்களோ பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான், அவற்றை ஃபைலாகவே எடுத்து வைக்க வேண்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் கூளமாக விழும், தேடினால் அகப்படாது. அதற்கு மேலே தமிழில் நாலு சொல் நீங்களே தட்டி வைப்பதுதான் வழி.

## வழி 5: சொந்த சர்வர்

லிங்க்டிங், காரகீப் போன்ற புக்மார்க் மென்பொருட்களை வீட்டில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். காரகீப் பக்கத்தின் நகலையும் எடுத்து வைக்கும். நான் செய்யாத வழி இதுதான். நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் ஓட்டுகிறார், அவர் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வெளியிலிருந்து போனில் சேர்க்க வேண்டுமானால் வீட்டு இணையத்துக்குத் தனி முகவரி வேண்டும், பெரும்பாலான இணைப்புகளில் அது கிடையாது. போனையும் வீட்டுக் கம்ப்யூட்டரையும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போட்டு வளைத்துப் பிடிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. இடி மின்னலுக்கு அவர் பிளக்கைப் பிடுங்கப் போவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பொழுதுபோக்காக இருந்தால் அருமை.

## ஒரே பார்வையில்

| வழி | உரை வருமா | போனிலிருந்து | பணம் | தெரியாமல் போகும் செலவு |
|---|---|---|---|---|
| கையால் ஏற்றுமதி | வராது | சின்க் இருந்தால் | இல்லை | பிரதிகள் |
| ஸ்கிரிப்ட் | சுலபத்தில் வராது | சின்க் இருந்தால் | இல்லை | உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் |
| புக்மார்க் சேவை | நகல் அவர்களிடம் | மிக நன்று | இலவசம் அல்லது சந்தா | மூடினால் அலைச்சல் |
| கிளிப்பர் | வரும் | ஃபயர்ஃபாக்ஸ் வேண்டும் | இல்லை | ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுத்தல் |
| சொந்த சர்வர் | வரும், மென்பொருளைப் பொறுத்து | ஏற்பாடு வேண்டும் | கருவியும் கரண்டும் | பராமரிப்பு |

வாட்ஸாப்பில் தனக்குத்தானே லிங்க் அனுப்பி வைப்பவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை, நம்மூரில் அவர்கள்தான் பெரும்பான்மை என்றாலும். அங்கிருந்து தானாக எடுக்க நேர்வழி இல்லை, சாட்டை ஏற்றுமதி செய்து கிடைக்கும் உரை ஃபைலிலிருந்து லிங்க்குகளைப் பொறுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை விட முடியாது என்றால் டெலிகிராமுக்கு மாறுங்கள், அங்கே பாட் (தானியங்கி நிரல்) வழியாகக் குறிப்பேட்டுக்குள் இறக்கலாம்.

## யாருக்கு எது

அத்தானுக்கு கிளிப்பர், யோசனையே வேண்டாம். அவர் மாதத்துக்குச் சேர்ப்பது பத்துப் பக்கம். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தோட்டத்தில் நிற்கும்போது படிக்க வேண்டும், அங்கே சிக்னல் கிடைப்பதே பாக்கியம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்துப் போனபின் நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அப்படிப்பட்ட நாளில் லிங்க்குப் பட்டியல் எதற்கு ஆகும்? போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் கொடுத்தேன். செத்துப்போன அந்த நோய்ப் பக்கத்துக்கு வேபேக் மெஷினில் நகல் இருந்தது, அதையே முதல் கிளிப்பாக எடுத்து வைத்தோம். ரப்பர் தளிர்க்கும் தை, மாசிக்குள் தேன் பருவக் குறிப்புகளையும் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

டீச்சருக்கு முதலில் வழி 1, ஒரே ஒரு முறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் ஒரே ஃபைலாக எடுத்து, பார்த்து, உண்மையில் வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னேன். இருநூறு தேறவில்லை. மிச்சத்தை அழிக்க மனம் வரவில்லை, சரி, அந்த ஃபைலை அப்படியே ஒரு ஓரத்தில் போட்டு வையுங்கள் என்றேன். இனிமேல் சேர்ப்பதற்கு வழி 3இன் இலவசத் திட்டம், அதில் ‘குறிப்புக்கு’ என்ற தொகுப்பை மட்டும் இழுக்கும் பிளகின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு ஏற்றுமதி.

நான் ஸ்கிரிப்டோடுதான் ஓடுகிறேன், முக்கியமானதற்குக் கூடவே கிளிப்பரும். இரண்டிலும் வருவது ஒரே ‘வந்தவை’ ஃபோல்டருக்குள் விழுகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்து ‘எதற்காக’ வரி இல்லாததை எல்லாம் தூக்கிப் போடுகிறேன்.

எந்த வழியானாலும் முதலில் இருபது லிங்க்கை வைத்து, உங்கள் வால்ட்டின் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். இருபதில் குறைந்தது ஐந்து நீளமான தமிழ்த் தலைப்பாக இருக்கட்டும். அதையே இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். குறிப்பு இருபதாகவே நின்றால் உங்கள் நிஜ வால்ட்டில் போடலாம்.